பாகம் மாறினால் பொருள் மாறுமா: மடிக்கணினித் திரையும் ஜீர்ணோத்தாரணமும்

ஒரு பொருளின் உறுப்பு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால், முன்பிருந்த பொருளே தொடர்கிறதா, அல்லது அது போய்ப் புதிதாக ஒன்று வந்துவிடுகிறதா என்பது இந்திய மெய்யியலிலும் கிரேக்க மெய்யியலிலும் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் கேள்வி. பௌத்தர் தேரையும், வைசேடிகர் நூலால் நெய்த துணியையும், சமணர் பொற்குடத்தையும், ஏதென்ஸ் நகரத்தார் பழைய மரக்கப்பலையும் எடுத்துக்கொண்டு, அவரவர் கண்முன் இருந்த கைப்பொருளிலேயே இதை ஆராய்ந்தார்கள். இன்று அந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற பொருளாக மடிக்கணினி இருக்கிறது. அதன் உறுப்புகள் தனித்தனி எண்ணோடு கடையில் கிடைக்கின்றன. ஒவ்வோர் உறுப்புக்கும் தனிவேலை உண்டு. வீட்டு மேசையில் ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு உடைந்த திரையைத் தாமே கழற்றிப் புதியதைப் பொருத்துகிறவர், பழைய நூல்களில் சொல்லால் மட்டும் நடந்த சோதனையைக் கையால் செய்து பார்க்கிறார். அந்தச் சோதனை எதைக் காட்டுகிறது என்பதும், கோயில் திருப்பணிக்கு விதி வகுத்த ஆகமங்கள் இதே கேள்விக்குத் தந்த விடை மற்றவற்றைவிட ஏன் கூடுதல் மதிப்புடையது என்பதும் இங்கே ஆராயப்படும்.

முதலில் உடைவது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திரை, டிஸ்ப்ளே, பேனல் என்றெல்லாம் வழங்கப்படுவது, இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க இடைவெளியில் திரவப் படிகத்தை அடைத்துச் செய்த பலகை. திரவப் படிகம் என்பது நீர்மம்போல் ஒழுகக்கூடியதாயினும் படிகத்தைப் போல மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும் பொருள். 1888இல் பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரெடரிக் ரைனிட்சர் அதன் விந்தையான தன்மையைக் கவனித்து எழுதினார். அதற்குச் சொந்தமாக ஒளி இல்லை. பலகையின் கீழ்விளிம்பில் வரிசையாக உள்ள எல்.இ.டி. விளக்குகள் தரும் வெள்ளொளி பின்பக்கம் முழுவதும் பரவி, மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி நிற்கும் மூலக்கூறுகளின் வழியே கூடவோ குறையவோ கடந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகளில் நிறம் பெற்று வெளிவருகிறது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் இவ்வாறு 20,73,600 புள்ளிகள் உண்டு. விசைப்பலகைமேல் கிடந்த பேனாவைக் கவனிக்காமல் மூடியை அடைத்தாலே கண்ணாடி விரிசல் விட்டுவிடும். விட்ட இடத்தில் மை கொட்டியது போன்ற கறை படரும். ஓரத்து இணைப்புகள் அறுந்துபோன வரிசைகள் நெடுங்கோடுகளாகத் தெரியும். கணக்கிடும் சில்லுக்கோ நினைவகத்துக்கோ இதனால் சேதம் ஏதும் வருவதில்லை.

மாற்றும் வேலைக்குப் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். திரைக்குப் போகும் கேபிளில் பின்விளக்குக்கான மின்சாரமும் செல்வதால், பேட்டரி இணைந்திருக்கும்போது கனெக்டர் சற்றே கோணலாக இறங்கினாலும் மதர்போர்டிலுள்ள நுண்ணிய ஃபியூஸ் போய்விடக்கூடும், திரைக்கு வந்த பழுது மதர்போர்டுக்கு ஏறிவிடும். பிறகு பெசல் என்னும் பிளாஸ்டிக் சட்டத்தில் ரப்பர் மூடிகளுக்கு அடியில் மறைந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பை இடுக்கில் செருகி மெல்ல நகர்த்தினால், உட்கொக்கிகள் ஒவ்வொன்றாக ‘டக்’கென்று விடுபடும். பேனலைத் தாங்கும் திருகுகளையோ, புதிய வகைகளில் இருக்கும், இழுத்தால் நீண்டு வரும் ஒட்டுநாடாவையோ எடுத்தபின், பேனலை விசைப்பலகைமேல் விரித்த துணியில் குப்புறச் சாய்க்க வேண்டும். அதன் முதுகில், கீழ்ப்பக்கத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று அகலமான கனெக்டர் ஒன்று, இப்போதைய பேனல்கள் பலவற்றில் 30 பின்களோடு, ஒளிபுகும் நாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். சில வகைகளில் மெல்லிய கம்பித் தாழ்ப்பாளும் உண்டு. நாடாவை உரித்து, தாழ்ப்பாளைத் தூக்கி, கேபிளைப் பலகையின் மட்டத்திலேயே நேராக இழுத்தால் கழன்றுவிடும். மேல்நோக்கி இழுத்தால் பின்கள் கெட்டுவிடும். புதிய பேனலை இணைத்ததும், சட்டத்தை மூடும் முன்பே ஒருமுறை கணினியை இயக்கிப் படம் வருகிறதா என்று பார்த்து, மறுபடி அணைத்து, அதன் பிறகே திருகுகளைப் பூட்டுவது பழகியவர்களின் வழக்கம்.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டு மெய்யியல் நோக்கிலும் கவனிக்கத்தக்க சான்று. அதில் பி156, என்156, எல்பி156, என்வி156 என்பதுபோலத் தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். 156 என்பது மூலைவிட்ட அளவான 15.6 அங்குலத்தைக் குறிக்க, முன்னெழுத்து பேனலைச் செய்த நிறுவனத்தைக் காட்டுகிறது: பி என்றால் தைவானின் ஏ.யு.ஓ., என் என்றால் அதே நாட்டின் இன்னோலக்ஸ், எல்பி என்றால் கொரியாவின் எல்.ஜி., என்வி என்றால் சீனாவின் பி.ஓ.இ. ஒரே பெயரில், ஒரே மாடலாக விற்கும் மடிக்கணினிகளுக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் இருப்பது சாதாரணம். ஆகவே இந்த மாடலுக்கு இன்ன பேனல்தான் வேண்டும் என்று அதைச் செய்தவரே கருதவில்லை. அளவும், புள்ளிகளின் எண்ணிக்கையும், கனெக்டரின் வகையும் இடமும் ஒத்திருந்தால் போதும் என்பதே தொழிற்சாலையின் கொள்கை. சென்னை ரிச்சி தெருவில் பேனல் கேட்டுப் போகிறவரிடம் கணினியின் பெயரோடு நில்லாமல் இந்த எண்ணையும் கேட்பது இதனால்தான். உறுப்பின் இலக்கணம் பொருந்தினால் உறுப்பு பொருந்தும். முழுப்பொருளின் பெயர் அங்கே இரண்டாம் பட்சமே.

உடைந்த திரையோடு இருக்கும் கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தால், பாதியில் விட்ட கடிதம் விட்ட சொல்லிலேயே நிற்பதைக் காணலாம். கணினியில் நடப்பதெல்லாம் திரையில்தான் தெரிகிறது. ஆனால் திரையில் எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. பயன்படுத்துகிறவரின் கண்முன் எப்போதும் நிற்பது திரையாக இருப்பதால், அது உடைந்ததும் கணினியே போய்விட்டது என்ற கலக்கம் எழுகிறது. தோன்றுமிடத்தை இருக்குமிடமாகக் கொள்ளும் இந்த மயக்கத்தைச் சைவ சித்தாந்தம் மனிதரைப் பற்றிய ஆராய்ச்சியில் விரிவாகவே பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்பை மாயையின் காரியமான ஓர் இயந்திரமாகக் கொண்டு, உடம்பும் ஐம்பொறியும் அல்லாத ஆன்மா அதனுள் உண்டு என்று நிறுவுகிறது. கண் பார்க்கிறது என்று உலகம் சொன்னாலும், பார்ப்பது கண்ணைக் கருவியாகக் கொண்ட உயிரே என்பது அந்நெறியின் துணிபு. அதே மரபில் படிகமும் எடுத்தாளப்படும்: அருகிலுள்ள பொருளின் நிறம் தன்னிடம் தோன்ற நிற்கும் படிகத்தைப் போல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையைக் கொண்டு விளங்குகிறது என்பர். திரவப் படிகத்தின் இயக்கம் வேறு இயற்பியலைச் சேர்ந்ததாயினும், தனக்கென நிறமில்லாத ஒன்று தன்னிடம் வந்ததைக் காட்டி நிற்கும் நிலை இரண்டிலும் ஒன்றே. ஆயினும் இந்த ஒப்புமையை நீட்டி, நினைவகத்தைக் கணினியின் உயிர் என்று சொல்லிவிடலாகாது. சித்தாந்தத்தில் மனமும் சித்தமும்கூட அந்தக்கரணம் எனப்படும் உட்கருவிகளே. அந்த அளவுகோலில் நினைவகமும் திரையும் இயந்திரத்தின் உறுப்புகளாக நின்றுவிட, அறிகிறவர் மேசைமுன் அமர்ந்திருப்பவர் ஒருவரே.

இனி உறுப்பு மாறிய பொருளின் ஒருமையைப் பற்றிய வாதங்களுக்கு வரலாம். மிலிந்த பஞ்ஹ என்னும் பாலி நூலில் நாகசேனர் என்ற துறவி, கிரேக்க அரசன் மிலிந்தனை நோக்கி, அவன் ஏறி வந்த தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அல்ல, இவையெல்லாம் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று அவனையே ஒப்புக்கொள்ளச் செய்கிறார். இந்தக் கொள்கைப்படி திரை மாற்றிய கணினி பழையதுமன்று, புதியதுமன்று. உறுப்புகள் கூடியிருக்கும்வரை பெயர் தொடர்கிறது. வைசேடிகர் இதை மறுத்தனர். உறுப்புகளில் நிலைபெற்று, ஆனால் அவற்றின் தொகுதியிலிருந்து வேறாக, அவயவி எனப்படும் முழுப்பொருள் உண்டு என்பது அவர்கள் கட்சி. அதனால் துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து, மீதமுள்ள நூல்களில் வேறொரு துணி தோன்றுகிறது என்று சற்றும் தயங்காமல் சொன்னார்கள். ‘அதே துணி’ என்று நாம் எண்ணுவது ஒப்புமையால் வந்த எண்ணம். அந்தக் கணக்கில், பேனலைக் கழற்றியபோது ஒரு கணினியும், பொருத்தியபோது மற்றொன்றும் ஆக மேசைமேல் இரு தோற்றங்கள் நிகழ்ந்துவிட்டன. சமணரோ, உள்பொருள் என்பது தோற்றம், அழிவு, நிலைபேறு என்ற மூன்றையும் ஒருங்கே உடையது என்றனர். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால் குடத்தை விரும்பியவர் வருந்துவார், முடியை விரும்பியவர் மகிழ்வார், பொன்னை விரும்பியவர் வருத்தமும் மகிழ்ச்சியும் இன்றி இருப்பார் என்று சமந்தபத்திரர் காட்டும் எடுத்துக்காட்டு, ஒருமையைப் பற்றிய விடை கேட்பவரின் நாட்டத்தையும் சார்ந்தது என்பதைத் துல்லியமாக உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் இந்த வாதம் எவ்வளவு சூடாக நடந்தது என்பதற்கு, பௌத்த ஆசிரியர்களை ஒருவர்பின் ஒருவராக வாதுக்கழைக்கும் நீலகேசி என்ற சமண காப்பியமே போதிய சான்று.

இம்மூன்றில் சமணர் விடையே உண்மைக்கு மிக நெருங்கியது. பௌத்த விடை பற்றை அறுப்பதற்கு உதவும். ஆனால் உடைந்த பொருளை என்ன செய்வது என்று நிற்பவருக்கு அது வழி காட்டாது. வைசேடிகரின் விடை தருக்கத்தில் வழுவற்றது, ஆனால் உலகில் எந்தக் குடும்பமும் அதன்படி நடந்ததில்லை. எனினும் மூன்று கட்சிகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: அச்சும் நுகமும், இந்த நூலும் அந்த நூலும், எல்லாம் ஒரே தரம் என்று கொண்டே வாதம் செல்கிறது. கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவருக்கு முதலில் தெரிவதோ, உறுப்புகள் எல்லாம் ஒரே தரமல்ல என்பதுதான்.

கிரேக்க வாதமும் இந்தக் குறையோடுதான் வந்தது. தீசியஸ் ஏறி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பல தலைமுறை பாதுகாத்து, உளுத்த பலகைகளை எடுத்துப் புதியன பொருத்தி வந்ததால், அது அதே கப்பலா என்பதில் அறிஞர் இரு பிரிவானார்கள் என்று புளூட்டார்க் எழுதினார். 1655இல் வெளிவந்த நூலில் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ், எடுத்துப் போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மீண்டும் கப்பலாகக் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டுச் சிக்கலை இறுக்கினார். மேலைநாட்டு வகுப்பறைகளில் இது கற்பனைப் புதிராகவே கற்பிக்கப்படுகிறது. காஞ்சிபுரத்திலோ இது கண்ணால் காணும் நிலை. வரதராசப் பெருமாள் கோயிலில் முற்காலத்தில் மூலவராக இருந்ததாக மரபு சொல்லும் அத்திமரத் திருமேனி அனந்தசரஸ் திருக்குளத்தின் நீருக்கடியில் பள்ளிகொண்டிருக்க, கருவறையில் கற்றிருமேனி பூசை ஏற்கிறது. 40 ஆண்டுக்கு ஒருமுறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், முதலில் சயனக் கோலத்திலும் பின்னர் நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். இரவுபகலாக வரிசையில் நின்ற மக்கள், கருவறையில் இருப்பவர் வரதர் அல்லர் என்று கருதவில்லை. குளத்திலிருந்து வந்தவரைப் பழம்பொருளாகவும் பார்க்கவில்லை. ஹாப்ஸ் ‘எது’ என்று கேட்ட இடத்தில், இவ்வூர் வழிபாடு இரண்டையும் ஏற்று, ஒவ்வொன்றுக்கும் தனியிடமும் தனிக்காலமும் வகுத்துவிட்டது. பூரியில் ஜகந்நாதரின் வேப்பமரத் திருமேனிகள் மாற்றப்படும் நவகளேபரத்தில், கடைசியாக 2015இல் நடந்தது போல, பிரம்ம பதார்த்தம் எனப்படும் மறைபொருள் பழைய திருமேனியிலிருந்து புதியதற்கு இரவில், கண் கட்டிய சேவகர் கையால் மாற்றப்படுகிறது. பழையது கோயில் வளாகத்திலேயே புதைக்கப்படுகிறது. அங்கே தொடர்ச்சியைச் சுமப்பது எது என்பதற்கு ஒளிவுமறைவான, ஆனால் ஐயமற்ற விடை உண்டு.

இந்தச் செயல்களுக்குப் பின்னால் நிற்கும் விதித்தொகுதியே ஜீர்ணோத்தாரணம். கோயில், விமானம், திருமேனி ஆகியவை காலத்தாலோ விபத்தாலோ சிதைந்தால் அவற்றைப் புதுக்கும் முறையை இப்பெயரால் காமிகம் முதலிய சிவாகமங்கள் தனிப்படலம் வகுத்துச் சொல்கின்றன. மயமதம் போன்ற சிற்பநூல்களும் பேசுகின்றன. அவற்றில் இன்றைய ஆராய்ச்சிக்கு முதன்மையானது உறுப்புகளைத் தரம் பிரித்தது. தலை, உடல், கை, கால் போன்றவை பேரங்கம். விரல் நுனி, அணிகலன், கையிலுள்ள ஆயுதம், பீடத்தின் ஓரம் போன்றவை அதற்கு அடுத்தடுத்த தரம். நூலுக்கு நூல் பட்டியல் சற்றே வேறுபட்டாலும் கொள்கை ஒன்றுதான்: சிற்றுறுப்பு சிதைந்தால் சரிசெய்து வழிபாட்டைத் தொடரலாம், பேரங்கம் பின்னமானால் திருமேனியையே மாற்ற வேண்டும். மாற்றும்போது முன்பிருந்த அளவும், முன்பிருந்த திரவியமும், அதாவது கல்லுக்குக் கல், மரத்துக்கு மரம், பேணப்பட வேண்டும் என்பது பொதுவிதி. இத்தனை விதிகளுக்கும் மேலாக ஒரு விலக்கும் உண்டு. தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் சுயம்புத் திருமேனியில் எவ்வளவு பின்னம் இருந்தாலும் அது கைவிடப்படுவதில்லை. வெட்டுக்காயத்தோடும் வடுவோடும் பூசை ஏற்கும் சுயம்புலிங்கங்கள் தமிழ்நாட்டில் பல. மனிதர் செய்ததற்கு அளவும் இலக்கணமும் உண்டு, ஆதலால் அதை மாற்றலாம்; செய்யப்படாததற்கு மாற்று இல்லை என்பது அந்த விலக்கின் பொருள்.

திருப்பணியில் இன்னொரு நுட்பமும் உண்டு. உளி தொடும் முன், கலாகர்ஷணம் என்ற கிரியையால் மூலத்திருமேனியில் உள்ள இறைச்சக்தியைக் கும்பநீரில் ஆவாகனம் செய்து, அங்கிருந்து பாலாலயம் என்னும் சிறு இடத்தில் அமைத்த மரப்பலகைக்கோ படத்துக்கோ மாற்றி, அங்கே நித்திய பூசையைத் தொடர்வர். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தின்போதே அது பழைய இடத்துக்குத் திரும்பும். கல் மாறலாம், சுதை மாறலாம், பூசை அறுபடக்கூடாது. பொருளின் ஒருமையைக் கட்டிக் காப்பது அதைப் பேணும் செயலின் தொடர்ச்சியே என்ற கருத்து இதில் அடங்கியிருக்கிறது. மடிக்கணினியைத் திறக்கும் முன் கோப்புகளையெல்லாம் வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பவர் செய்வதும் இந்த இனத்தைச் சேர்ந்த வேலைதான். உடலைத் திறக்கும் நேரத்தில் தொடர்ச்சி வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். அது உறுதியான பிறகு உறுப்பில் கை வைக்க அச்சமில்லை.

அப்படியானால் மடிக்கணினியில் பேரங்கம் எது? இதற்குக் கணினியே ஒரு விடை வைத்திருப்பது பழைய மெய்யியலாளர் எவருக்கும் கிடைக்காத வாய்ப்பு. திரை, விசைப்பலகை, பேட்டரி, விசிறி ஆகியவற்றை மாற்றினால் கணினி பொதுவாக எதுவும் கேட்பதில்லை. மதர்போர்டை மாற்றினாலோ நிலைமை வேறு: விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டப்பட்டிருப்பதால் மீண்டும் செயலூக்கம் கேட்கும், பிட்லாக்கர் என்ற மறையாக்கம் இயங்கும் கணினியாயின், டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சில்லு வேறாகிவிட்டதைக் கண்டு, 48 இலக்க மீட்புச் சாவியைத் தந்தாலொழிய வட்டைத் திறக்காது. அந்த இயந்திரத்தின் கண்ணில் மதர்போர்டே பேரங்கம். உரியவரின் கண்ணிலோ அவர் எழுதியதும் சேர்த்ததும் உள்ள எஸ்.எஸ்.டி.யே பேரங்கம், அதை வேறு கணினியில் பொருத்திக்கொண்டு, ‘என் கணினி பிழைத்துவிட்டது’ என்று சொல்ல அவருக்கு நியாயம் உண்டு. சமந்தபத்திரரின் பொன்னும் குடமும் இங்கே வேறு உருவில் வந்து நிற்கின்றன. ஆனால் இவற்றில் எந்தக் கணக்கைக் கொண்டாலும் திரை சிற்றுறுப்பே. நாள் முழுவதும் கண் பதிந்திருக்கும் உறுப்பு, ஒருமையைத் தீர்மானிப்பதில் கடைசி வரிசையில் நிற்கிறது.

இந்தத் தரப்பிரிவைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் இக்காலத்துச் சண்டை. உறுப்பிணைப்பு எனத்தக்க ஒரு முறையில், தயாரிப்பாளர் திரை போன்ற உறுப்பின் எண்ணை மதர்போர்டில் பதிந்துவைத்து, அதே வகை உறுப்பு வேறு எண்ணோடு வந்தால் எச்சரிக்கை காட்டவோ சில வசதிகளை நிறுத்தவோ செய்யலாம். ஆப்பிள் நிறுவனம் 2019இல் ஐபோன் 11இல் தொடங்கி, திரை அசலானதென்று சரிபார்க்க முடியாதபோது எச்சரிக்கை காட்டி வருவது இதற்கு அறிந்த சான்று. சிற்றுறுப்பைப் பேரங்கமாக உயர்த்தும் செயல் இது. பொருளின் இயல்பில் இல்லாத ஒருமையை எண்ணால் உண்டாக்கி, அதன் சாவியைச் செய்தவர் கையிலேயே வைத்துக்கொள்கிறது. திருடிய உறுப்புகளின் வணிகத்தைத் தடுக்க இது தேவை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டாயினும், விலை கொடுத்து வாங்கியவர் தம் பொருளைப் பேணுவதை அது தடுக்கும்போது அந்த நியாயம் நிற்காது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம் இத்தகைய உறுப்பிணைப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவிலும் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான வரையறைகளை வகுக்கக் குழு அமைத்தது. விற்றபின் ஒரு பொருளின் ஒருமை அதைப் பேணுகிறவர் கையில் இருக்கிறது என்பதை ஆகமம் அறிந்திருந்தது. சிற்பி கண் திறந்து, பிரதிட்டை முடிந்து, கூலியும் மரியாதையும் பெற்றுக்கொண்டு போனபின், அன்றாட வழிபாட்டைத் தீர்மானிப்பது அவர் அல்லர்.

எனினும் ஆகமத்தை வீட்டுப் பழுதுபார்ப்புக்கு முழுமையாகச் சான்றாக்குவதில் ஒரு தடை உண்டு, அதை மறைக்கலாகாது. ஜீர்ணோத்தாரணத்தை எவரும் செய்துவிட முடியாது. தீட்சை பெற்ற ஆசாரியரும், நூலும் தொழிலும் கற்ற ஸ்தபதியுமே அதிகாரிகள். இங்கே அதிகாரம் என்பது ஒரு செயலைச் செய்வதற்கான தகுதி. தானே செய்துகொள்ளல் என்பதற்கு இது எதிரானதாகத் தோன்றும். ஆனால் தகுதி உறுப்புக்கு உறுப்பு மாறும் என்பதையும் மரபு ஒப்புக்கொள்கிறது. விளக்கேற்றவும் திருவலகிடவும் அடியார் எவருக்கும் இடம் உண்டு. மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் சிலரின் பராமரிப்புக் கையேடுகளும் உறுப்புகளை, வாங்கியவரே மாற்றத்தக்கவை, பயிற்சி பெற்றவர் மாற்ற வேண்டியவை என்று இரண்டாகப் பிரித்திருக்கின்றன. திரை பெரும்பாலும் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டாலும், பேட்டரியைத் துண்டிக்கவும், சீட்டிலுள்ள எண்ணைப் படிக்கவும், கனெக்டரை நேராக இழுக்கவும் கற்றுக்கொண்டவர் அந்த அளவுக்குத் தகுதி பெற்றவரே. கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டிய தொடுதிரை வகைகளில் அந்தத் தகுதி போதாது என்பதை உணர்ந்து நிறுத்திக்கொள்வதும் தகுதியின் பகுதிதான். பேட்டரி உப்பியிருந்தால் கண்டிப்பாக வீட்டில் தொடக்கூடாது.

தானே மாற்றுவதால் மிச்சமாகும் பணம் சிறிதல்ல. ஆனால் மெய்யியல் நோக்கில் அதைவிடப் பெரிது, செய்தவருக்கு வரும் அறிவு. மூடிய கருவியாக இருந்தவரை ‘இயங்குகிறது’, ‘போய்விட்டது’ என்ற இரு நிலைகளே அவருக்குத் தெரிந்திருந்தன. திறந்தபின், எது போயிற்று, எது இருக்கிறது, எதை மாற்றினால் எது மாறாது என்று பிரித்தறிகிறார். சித்தாந்திகள் உடம்பிலும் மனத்திலும் எதெது கருவி, எது அறிவது என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காண்பதைத் தத்துவ ஆராய்ச்சியின் வாயில் என்பர். கருவியைக் கருவியாகக் காணும் பழக்கம் கைவேலையில் வந்தவருக்கு அந்த வாயில் அயலானதன்று. ஒரு கண்ணாடித் தகடு விரிந்ததற்காக நன்றாக இயங்கும் கணினியை முழுதாக எறிவது, விரல்நுனி சிதைந்ததற்காகத் திருமேனியைக் கைவிடுவதை ஒத்தது. ஆகமம் அதை அனுமதிக்கவில்லை, அறிவும் அனுமதிக்காது.

கடைசியாக, கழற்றிய பேனல். மாற்றப்பட்ட திருமேனியைக் கண்ட இடத்தில் போட ஆகமம் இசையவில்லை. கல்லாயின் ஆழ்நீரில் இடவும், மரமாயின் நெருப்புக்கு ஒப்படைக்கவும், உலோகமாயின் உருக்கவும் முறை வகுத்தது. ஏறத்தாழ 2010க்கு முற்பட்ட மடிக்கணினிகள் பலவற்றின் பின்விளக்குக் குழல்களில் பாதரசம் இருந்தது, இப்போதைய எல்.இ.டி. பேனல்களில் அது இல்லையாயினும், உடைந்த கண்ணாடியும் மின்சுற்றுப் பலகையும் வீட்டுக் குப்பையில் சேரத் தக்கவை அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள இந்திய மின்கழிவு விதிகள், மடிக்கணினி போன்ற கருவிகளின் கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தியிருக்கின்றன. ஆகவே திரையைத் தாமே மாற்றுவோர் பழைய பேனலைப் புதிய பேனல் வந்த பெட்டியிலேயே வைத்து, தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்திலோ பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ சேர்த்துவிட வேண்டும். அதைச் செய்து முடித்த பிறகே மாற்றும் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.